ராகு கால விட்ஜெட்டும் அத்தையின் கம்ப்யூட்டரும்!

தினசரி காலண்டரில் தாள் கிழிப்பது அப்பாவுக்குப் பூஜை மாதிரி. குளித்துவிட்டு வந்து, நேற்றைய தாளைக் கிழித்து, பின்பக்கம் இருக்கும் பொன்மொழியைச் சத்தமாகப் படித்துவிட்டுத்தான் காபி. ரிட்டயர் ஆன பிறகு இன்னொரு பழக்கமும் சேர்ந்துகொண்டது. பேப்பர் படித்து முடித்ததும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிடுவார். செஸ், பழைய பாட்டு, பேரன் பேத்தி போட்டோ என்று அதில் மூழ்கினால் பதினோரு மணி மாத்திரை மறந்தே போகும்.

"காலண்டரைச் சுவத்துல மாட்டுற மாதிரி கம்ப்யூட்டர்லயும் மாட்ட முடியாதாடா? கூடவே மாத்திரைக்கு ஒரு மணி அடிச்சா தேவலை" என்றார் ஒருநாள்.

சாஃப்ட்வேரில் வேலை பார்க்கும் மகனுக்கு இதைவிட என்ன வேண்டும்! இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் உட்கார்ந்து ஒரு குட்டி விட்ஜெட் செய்தேன். திரையின் வலது மூலையில் உள்ளங்கை அளவுக்கு ஒரு பெட்டி. தமிழ்த் தேதி, கிழமை, ராகு காலம், மாத்திரை நேரத்துக்கு டிங் டிங். ராகு காலம் சுலபம், மொத்தம் ஏழே வரிகள். திங்கள் ஏழரை முதல் ஒன்பது, செவ்வாய் மூன்று முதல் நாலரை என்று நம் வீட்டுப் பாட்டிகள் மனப்பாடமாகச் சொல்வதை அப்படியே எழுதிவிடலாம். திதி, நட்சத்திரத்தை வேண்டுமென்றே விட்டுவிட்டேன். வாக்கியமா, திருக்கணிதமா என்ற சண்டைக்குள் ஒரு குட்டிப் பெட்டியை எதற்கு இழுத்துவிட வேண்டும்? ஐகானுக்கு ஒரு குத்துவிளக்கு வரைந்தேன்.

அப்பாவுக்கு ஏக சந்தோஷம். அதோடு விட்டிருக்கலாம். பெருமை தாங்காமல் விட்ஜெட்டை ஜிப் செய்து, லிங்க்கைக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார். அரை மணி நேரத்தில் திருச்சியிலிருந்து சித்தப்பா லைனில் வந்தார்.

"டேய், உன் ஃபைலைத் திறந்தா கம்ப்யூட்டர் உன்னைத் திட்டுதுடா! யாருன்னே தெரியாத ஆளு, திறக்காதேங்குது!"

திரை முழுக்க நீல நிறத்தில் ஓர் எச்சரிக்கை. 'உங்கள் கம்ப்யூட்டரை விண்டோஸ் காப்பாற்றியிருக்கிறது' என்கிற தோரணையில் ஒரு வாசகம். வெளியீட்டாளர் என்ற இடத்தில் 'தெரியாதவர்'. பெற்ற சித்தப்பாவுக்கே நான் தெரியாதவன் ஆகிவிட்டேன்!

"அது அப்படித்தான் சொல்லும் சித்தப்பா. 'மோர் இன்ஃபோ'வை அமுக்குங்க. கீழே 'ரன் எனிவே'ன்னு வரும். அதையும் அமுக்கிடுங்க."

இதையே ஆங்கிலத்திலும் தமிழிலும் குரூப்பில் போட்டேன், ஸ்க்ரீன்ஷாட்டில் சிவப்பு அம்புக்குறி வரைந்து. அறுபது வயதைத் தாண்டிய ஒரு டஜன் உறவினர்களுக்கு, எச்சரிக்கையை எப்படித் தாண்டிக் குதிப்பது என்று நானே கிளாஸ் எடுத்திருக்கிறேன் என்பது அப்போது உறைக்கவில்லை.

குத்துவிளக்குக்குள் வேறு யாரோ

நாலு மாதம் கழித்துக் கும்பகோணத்திலிருந்து அத்தை போன் செய்தார். குரலில் பதற்றம். "நீ அனுப்பின காலண்டரைப் போட்டதுலேருந்து கம்ப்யூட்டர் முழுக்க ரம்மி விளம்பரமா வருதுடா. எதைத் திறந்தாலும் வேற எங்கேயோ போகுது."

நான் அத்தைக்கு எதையும் அனுப்பவில்லை. விசாரித்தால், அவருடைய பஜனை குரூப்பில் வந்ததாம். 'புதிய வெர்ஷன், முகூர்த்த நாள்களுடன்' என்று ஒரு லிங்க். அதே பெயர், அதே குத்துவிளக்கு. எச்சரிக்கை வந்திருக்கிறது. அத்தை பயப்படவே இல்லை. மருமகன் வரைந்து அனுப்பிய சிவப்பு அம்புக்குறி நினைவில் இருந்ததால், தைரியமாக 'ரன் எனிவே' அமுக்கியிருக்கிறார்.

அந்த வெள்ளிக்கிழமையே சோழன் எக்ஸ்பிரஸ் ஏறினேன். என் கோப்பு இரண்டு எம்.பி. கூட இருக்காது. அத்தை கம்ப்யூட்டரில் இருந்தது பதினொரு எம்.பி.! என் விட்ஜெட்டை அப்படியே உள்ளே வைத்து, கூடவே பிரவுசரைக் கடத்தும் ஒரு புரோகிராமையும் சேர்த்துக் கட்டி, மேலே என் குத்துவிளக்கை ஒட்டி அனுப்பியிருக்கிறார் யாரோ ஒரு புண்ணியவான். முகூர்த்த நாள் ஒன்றுகூட உள்ளே கிடையாது.

நல்ல வேளை, அத்தை பேங்க் சமாசாரத்தைக் கம்ப்யூட்டரில் தொடுவதில்லை. மாமா இருந்தபோது எடுத்த போட்டோக்களை முதலில் ஒரு ஹார்டு டிஸ்க்கில் எடுத்து வைத்துவிட்டு, எல்லாவற்றையும் அழித்து விண்டோஸை மறுபடி போட்டுக் கொடுத்தேன். அத்தை காபி கொண்டுவந்து வைத்தார். கம்ப்யூட்டர் பக்கம் மட்டும் வரவில்லை. நான் கிளம்பும்போது அதன் மேல் ஒரு பழைய வாயில் புடவைத் துண்டு போர்த்தியிருந்தது.

ரயிலில் வரும்போதெல்லாம் ஒரே கேள்விதான். என் பெட்டிக்கும் அந்தப் போலிப் பெட்டிக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க அத்தைக்கு நான் என்ன வழி வைத்திருந்தேன்? ஒன்றுமே இல்லை.

விட்ஜெட் என்ற ஜிப் பொட்டலம்

இந்தக் குட்டிப் பெட்டிகளின் சரித்திரமே இப்படித்தான் என்று அப்புறம் படித்தபோது தெரிந்தது. 2003-ல் மேக் கம்ப்யூட்டருக்கு 'கான்ஃபாபுலேட்டர்' என்று ஒன்று வந்தது. வானிலை, கடிகாரம், பங்கு விலை என்று குட்டிக்குட்டிப் பெட்டிகளை டெஸ்க்டாப்பில் மிதக்கவிடும். இரண்டே ஆண்டுகளில், 2005-ல், யாஹூ அதை வாங்கியது. அதே ஆண்டு ஏப்ரலில் ஆப்பிள் தன் 'டைகர்' பதிப்பில் 'டாஷ்போர்டு' என்று சொந்தமாக ஒன்றைக் கொண்டுவந்தது. 2007-ல் விண்டோஸ் விஸ்டாவில் 'கேட்ஜெட்' வந்தது. திரையின் ஓரத்தில் வட்டக் கடிகாரம் ஓடுமே, அதேதான். நம் ஊர் பிரவுசிங் சென்டர்களில் அந்தக் கடிகாரத்தைப் பார்க்காதவர் குறைவு.

உள்ளே பிரித்துப் பார்த்தால் எல்லாம் ஒரே சமையல். வெப்சைட் செய்கிற அதே ஹெச்.டி.எம்.எல்., ஜாவாஸ்கிரிப்ட், நாலு படங்கள், 'என் பெயர் இது, என் பதிப்பு இது' என்று சொல்லும் ஒரு சின்ன விவரக் கோப்பு. விண்டோஸ் கேட்ஜெட் என்பது இவற்றை ஜிப் செய்து, பெயரின் கடைசிப் பகுதியை மாற்றி வைத்த பொட்டலம். யார் வேண்டுமானாலும் ஒரு சாயங்காலத்தில் செய்யலாம். யார் வேண்டுமானாலும் பிரித்து, எதையாவது சேர்த்து, மறுபடி கட்டலாம். ஜிப்புக்குப் பதிலாக 'கேப்' என்ற வகையில் கட்டினால் அதன் மேல் டிஜிட்டல் கையெழுத்துப் போட முடியும் என்று மைக்ரோசாஃப்ட் ஒரு வழி வைத்திருந்தது. போட்டே ஆகவேண்டும் என்ற கட்டாயம் கிடையாது.

ஆப்பிள் பக்கம் இன்னும் வேடிக்கை. டைகர் வந்த புதிதில், சஃபாரி பிரவுசரில் ஒரு வெப்சைட்டைத் திறந்தாலே போதும், அது அனுப்பும் விட்ஜெட் தானாக இறங்கி, கேட்காமலேயே டாஷ்போர்டு பட்டியலில் போய் உட்கார்ந்துகொண்டது! அதைச் சிலர் செய்து காட்டிய பிறகுதான், அடுத்து வந்த திருத்தப் பதிப்பில் 'இது விட்ஜெட், இறக்கட்டுமா?' என்று கேட்க ஆரம்பித்தது.

பார்ப்பதற்குக் கடிகாரம் போல இருந்தாலும் இவை வெறும் படங்கள் இல்லை, முழு புரோகிராம்கள். கேட்ஜெட்டுக்கு, கம்ப்யூட்டரின் உரிமையாளருக்கு இருக்கும் அதே அதிகாரம் இருந்தது. கோப்புகளைப் படிக்கலாம், இன்டர்நெட்டோடு பேசலாம். 2012 ஜூலையில் மைக்ரோசாஃப்ட் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. பாதுகாப்பில்லாத கேட்ஜெட் மூலம் ஒருவர் உங்கள் கம்ப்யூட்டரை முழுவதுமாகக் கைப்பற்ற முடியும், அதனால் இந்த வசதியையே அணைத்துவிடுங்கள் என்று, அணைப்பதற்கான கருவியையும் சேர்த்தே கொடுத்தது. அந்த மாதமே லாஸ் வேகாஸில் நடந்த பிளாக் ஹாட் பாதுகாப்பு மாநாட்டில், கேட்ஜெட்டை வைத்து என்னென்ன செய்யலாம் என்று இரண்டு ஆராய்ச்சியாளர்கள் பேசுவதாக இருந்தது. விண்டோஸ் 8-ல் கேட்ஜெட்டே கிடையாது. யாஹூவும் அதே 2012-ல் தன் கடையை மூடிவிட்டது. ஆப்பிளின் டாஷ்போர்டு 2019 வரை தாக்குப்பிடித்தது.

பச்சை மை கையெழுத்து

சரி, கையெழுத்து என்றால் என்ன? ஸ்கேன் செய்த கையெழுத்துப் படம் என்று நினைத்துவிடாதீர்கள். இது கணக்கு.

ஒரு கோப்பை, அது எவ்வளவு பெரிதாக இருந்தாலும், ஒரு சூத்திரத்துக்குள் அனுப்பினால் 64 எழுத்தும் எண்ணுமாக ஒரு சரம் கிடைக்கும். 'ஷா-256' என்பது இன்று அதிகம் பயன்படும் சூத்திரம். கோப்பின் கைரேகை என்று வைத்துக்கொள்ளுங்கள். ராகு காலப் பட்டியலில் ஒரே ஒரு புள்ளியை மாற்றினாலும் கைரேகை மொத்தமும் தலைகீழாக மாறிவிடும். கைரேகையிலிருந்து கோப்பைத் திரும்பச் செய்யவும் முடியாது.

அடுத்து ஒரு ஜோடிச் சாவி. ஒன்று ரகசியச் சாவி, அது என்னிடம் மட்டுமே இருக்கும். இன்னொன்று பொதுச் சாவி, ஊருக்கே கொடுக்கலாம். கோப்பின் கைரேகையை என் ரகசியச் சாவி கொண்டு கணக்குப் போட்டால் வருவதுதான் கையெழுத்து. அதைப் பொதுச் சாவியால் யாரும் சரிபார்க்கலாம். ஆனால், பொதுச் சாவியை வைத்துக்கொண்டு அப்படி ஒரு கையெழுத்தை உருவாக்க முடியாது. அத்தையின் கம்ப்யூட்டர் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: வந்த கோப்பின் கைரேகையைத் தானே எடுத்து, கையெழுத்துக்குள் இருக்கும் கைரேகையோடு ஒப்பிடுவது. பொருந்தவில்லை என்றால், வழியில் யாரோ கை வைத்திருக்கிறார்கள்.

இங்கே ஒரு கேள்வி வரும். இந்தப் பொதுச் சாவி என்னுடையதுதான் என்று யார் சொல்வது? நான் முதலில் என் கம்ப்யூட்டரிலேயே ஒரு சான்றிதழை உருவாக்கிக் கையெழுத்துப் போட்டுப் பார்த்தேன். பத்து நிமிட வேலை, காசும் இல்லை. விண்டோஸ் மதிக்கவே இல்லை! எனக்கு நானே எழுதிக்கொண்ட நன்னடத்தைச் சான்றிதழை யார் மதிப்பார்கள்?

அந்தக் காலத்தில் வேலைக்கு விண்ணப்பம் போட்டவர்களுக்குத் தெரியும். மார்க் ஷீட் நகலில் கெஜட்டட் ஆபீசர் பச்சை மையில் கையெழுத்துப் போட்டு சீல் குத்தினால்தான் செல்லும். அதே வேலையைச் செய்ய உலகத்தில் சில நிறுவனங்கள் இருக்கின்றன. சான்றிதழ் ஆணையங்கள் என்று பெயர். நம் அடையாளத்தைச் சரிபார்த்து, 'இந்தப் பொதுச் சாவி இன்னாருடையது' என்று அவை தரும் சான்றிதழை விண்டோஸ் ஏற்றுக்கொள்ளும். எந்தெந்த ஆபீசரின் பச்சை மை செல்லும் என்ற பட்டியல் விண்டோஸுக்குள்ளேயே இருக்கிறது.

விலையைக் கேட்டு என் மனைவி சொன்னது: "ஓசியில குடுக்கிற ராகு காலத்துக்கு வருஷத்துக்கு இத்தனை ஆயிரமா?" நியாயமான கேள்விதான். இலவசமாகக் குட்டி புரோகிராம் எழுதுகிற எத்தனையோ பேர் கையெழுத்துப் போடாமல் விடுவதற்கு இந்தச் செலவும் ஒரு காரணம். மேக்கில் ஆப்பிளிடமே ஆண்டுக்கு 99 டாலர் கட்டிப் பதிவு செய்ய வேண்டும். மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் வழியாகக் கொடுத்தால் ஸ்டோரே கையெழுத்திட்டுவிடும், செலவு குறைவு. ஆனால், எங்கள் குரூப்பில் ஸ்டோர் என்ற ஒன்று இருப்பதே மூன்று பேருக்குத்தான் தெரியும். போர்த்தியிருந்த அந்தப் புடவைத் துண்டு கண்ணிலேயே நின்றது. பணத்தைக் கட்டினேன்.

இனிஷியல் படுத்திய பாடு

தமிழனுக்கு வரும் சிக்கல் எனக்கும் வந்தது. சான்றிதழில் பெயர் முழுசாக, அடையாள அட்டையில் உள்ளபடி இருக்க வேண்டும். என் ஆதாரில் இனிஷியல். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயர் இடத்தில். மின்கட்டண ரசீது அப்பா பெயரில். "உங்கள் குடும்பப் பெயர் எது?" என்று கேட்டார்கள். "எங்களுக்கு அது கிடையாது, அப்பா பெயர்தான்" என்றேன். "அப்பாவின் குடும்பப் பெயர்?" என்றார்கள். அவருக்கு அவருடைய அப்பா பெயர்! இரண்டு முறை விண்ணப்பம் திரும்பி வந்தது. கடைசியில் பாஸ்போர்ட்டைப் பிடித்துக்கொண்டு வீடியோ காலில் முகம் காட்டி, என் பெயரும் அப்பா பெயரும் முழுசாகச் சேர்ந்த சான்றிதழ் வாங்கினேன்.

சான்றிதழ் ஈ-மெயிலில் வரும் என்று நினைத்தால், கூரியரில் ஒரு யு.எஸ்.பி. டோக்கன் வந்தது. ரகசியச் சாவி அதற்குள் இருக்கும். உள்ளிருந்து அதை நகலெடுக்க முடியாது. டோக்கனைச் செருகி, பின் நம்பர் போட்டால்தான் கையெழுத்து விழும். சாவியைக் கம்ப்யூட்டரில் சாதாரணக் கோப்பாக வைத்திருந்தவர்களிடமிருந்து திருடர்கள் அள்ளிக்கொண்டு போனதால், 2023 ஜூனிலிருந்து இப்படிப் பாதுகாப்பான கருவிக்குள்தான் இருக்க வேண்டும் என்று விதி வந்துவிட்டது.

டோக்கனைப் பார்த்ததும் அப்பா, "இது நம்ம ஆடிட்டர்கிட்ட இருக்கிறதுதானே?" என்றார். ஏறக்குறைய அதேதான். வருமான வரித் தாக்கலுக்கும் கம்பெனிக் கணக்குகளுக்கும் ஆடிட்டர் செருகுகிற டோக்கனுக்குள்ளும் இதே ஜோடிச் சாவிக் கணக்குதான் ஓடுகிறது. 2000-ல் வந்த தகவல் தொழில்நுட்பச் சட்டம்தான் அந்தக் கையெழுத்துக்கு நம் நாட்டில் சட்டப்படி மதிப்புக் கொடுத்தது. ஆனால், ஆவணங்களில் கையெழுத்திடும் அந்தச் சான்றிதழை வைத்து புரோகிராமில் கையெழுத்துப் போட முடியாது. அதற்குத் தனி வகைச் சான்றிதழ் வேண்டும்.

அதன் பிறகும் மூன்று முறை சொதப்பினேன்.

முதல் தடவை, கையெழுத்துப் போட்ட பிறகு 'வியாழக்கிழமை'யில் ழகரம் லகரமாகியிருப்பதைப் பார்த்துத் திருத்திவிட்டேன். அவ்வளவுதான், கைரேகை மாறிவிட்டது, கையெழுத்து செல்லாமல் போய்விட்டது! எல்லாவற்றையும் முடித்து, கட்டி, கடைசியில்தான் கையெழுத்து. அரக்கு முத்திரை வைத்த பிறகு உறைக்குள் கை விடக்கூடாது.

இரண்டாவது தப்பு கொஞ்சம் நுட்பமானது. புரோகிராமில் மட்டும் கையெழுத்துப் போட்டு, பக்கத்தில் ராகு காலப் பட்டியலைத் தனிக் கோப்பாக வைத்து, இரண்டையும் ஜிப் செய்தேன். ஜிப்புக்குக் கையெழுத்து கிடையாது. உள்ளே இருக்கும் பட்டியலை யாராவது மாற்றினால் புரோகிராமின் கையெழுத்து அப்படியே செல்லுபடியாகிக்கொண்டுதான் இருக்கும். கோப்பு எதில் விழுந்ததோ அதை மட்டும்தான் கையெழுத்து காக்கும். அதனால், எல்லாவற்றையும் ஒரே இன்ஸ்டாலருக்குள் வைத்து, உள்ளே இருக்கும் புரோகிராமுக்கு ஒன்று, வெளியே இன்ஸ்டாலருக்கு ஒன்று என்று இரண்டு கையெழுத்துப் போட்டேன்.

இந்தச் சிக்கலை வெப் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு, விட்ஜெட்டுகளுக்காகவே யோசித்து அழகாகத் தீர்த்திருந்தது. பொட்டலத்துக்குள் இருக்கும் ஒவ்வொரு கோப்பின் கைரேகையையும் ஒரு பட்டியலாக எழுதி, அந்தப் பட்டியலில் கையெழுத்து. அதிலும் இரண்டு வகை: செய்தவர் கையெழுத்து தனி, விநியோகிப்பவர் கையெழுத்து தனி. டெஸ்க்டாப் விட்ஜெட்டுகள் போய்விட்டாலும் அந்த முறை போகவில்லை. சாம்சங் ஸ்மார்ட் டி.வி-க்கான டைசன் ஆப்கள் இன்றும் அதே மாதிரிப் பொட்டலத்தில், அதே இரண்டு கையெழுத்துகளோடுதான் வருகின்றன. உங்கள் வீட்டு ஹாலிலேயே ஒன்று ஓடிக்கொண்டிருக்கலாம்.

மூன்றாவது, நேர முத்திரையை மறந்தது. சான்றிதழுக்கு ஆயுள் உண்டு. 'இது சான்றிதழ் உயிரோடு இருந்த இன்ன தேதியில் போட்ட கையெழுத்து' என்று மூன்றாவது ஆள் ஒருவர், இன்டர்நெட் வழியாக நேரத்தைக் குறித்துக் கொடுக்க வேண்டும். பத்திரப் பதிவு ஆபீஸில் தேதி விழுவது மாதிரி. அது இல்லையென்றால், சான்றிதழ் காலாவதியாகும் அன்றைக்கு விட்ஜெட்டின் கையெழுத்தும் சேர்ந்து காலாவதி. இருந்தால், சான்றிதழ் முடிந்தாலும் பழைய கையெழுத்து நிற்கும்.

இது ஹால்மார்க் இல்லை

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நகைக்கு ஹால்மார்க் என்றால் தங்கத்தின் சுத்தத்துக்கு உத்தரவாதம். டிஜிட்டல் கையெழுத்து அப்படி இல்லை. 'இதைக் கொடுத்தவர் இவர், வழியில் யாரும் கை வைக்கவில்லை' என்பதோடு அதன் பேச்சு முடிந்தது. கொடுத்தவர் நல்லவரா என்று அது சொல்லாது.

அந்தப் பெயரே பொய்யாகவும் இருக்கலாம். 2001 ஜனவரியில் யாரோ ஒருவர் மைக்ரோசாஃப்ட் ஊழியர் என்று சொல்லி, வெரிசைன் நிறுவனத்திடம் மைக்ரோசாஃப்ட் பெயரிலேயே இரண்டு சான்றிதழ்களை வாங்கிவிட்டார்! பச்சை மை ஆபீசரே ஏமாந்த கதை. 2010-ல் வெளிச்சத்துக்கு வந்த ஸ்டக்ஸ்நெட், ஈரானின் அணு நிலையத்தைக் குறிவைத்த வைரஸ், தைவானைச் சேர்ந்த ரியல்டெக், ஜேமைக்ரான் என்ற இரண்டு நிஜ நிறுவனங்களின் கையெழுத்தோடு உலாவியது. 2017-ல் 'சிகிளீனர்' என்ற புகழ்பெற்ற புரோகிராமை இறக்கியவர்களுக்கு, அதைச் செய்த நிறுவனத்தின் அசல் கையெழுத்தோடு, உள்ளே விஷமும் சேர்ந்தே வந்தது. கையெழுத்துப் போடும் முன்பே திருடர்கள் பட்டறைக்குள் நுழைந்துவிட்டார்கள். இருபது லட்சத்துக்கும் அதிகமானோர் அதை இறக்கியிருந்தார்கள்.

விண்டோஸுக்கும் இது தெரியும். அதனால்தான் கையெழுத்து இருந்தாலும், புதுப் பெயரை அது உடனே நம்பிவிடுவதில்லை. என் கையெழுத்திட்ட முதல் விட்ஜெட்டுக்கும் அதே நீலத் திரை வந்தது. எனக்கு முதலில் கடுப்புதான். நிறைய பேர் இறக்கி, புகார் ஏதும் இல்லாமல் இருந்தால்தான் அந்தத் திரை மெல்ல விலகும். ஆனால், இந்த முறை 'தெரியாதவர்' என்று இருந்த இடத்தில் என் பெயர் இருந்தது.

இதைச் செல்போனில் படித்துக்கொண்டிருப்பவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. ஆண்ட்ராய்டில் கையெழுத்து இல்லாமல் எந்த ஆப்பும் இன்ஸ்டால் ஆகாது. கேட்க நன்றாக இருக்கிறது, இல்லையா? ஆனால், அந்தக் கையெழுத்துக்குப் பச்சை மை தேவையில்லை. நான் சொன்னேனே, எனக்கு நானே எழுதிக்கொண்ட நன்னடத்தைச் சான்றிதழ், அது போதும்! அதன் முக்கிய வேலை, நேற்று இன்ஸ்டால் செய்த ஆப்புக்கு இன்று வரும் அப்டேட் அதே ஆளிடமிருந்துதான் வருகிறதா என்று பார்ப்பது. வாட்ஸ்அப்பில் 'கல்யாணப் பத்திரிகை', 'டிராஃபிக் அபராதம்' என்ற பெயர்களில் வருகிற ஏ.பி.கே. கோப்புகளிலும் ஒழுங்காகக் கையெழுத்து இருக்கும். கல்யாணப் பத்திரிகை படமாக வரும், பி.டி.எஃப். ஆக வரும், வீடியோவாகக்கூட வரும். இன்ஸ்டால் செய்யச் சொல்லி வராது. தவறி அமுக்கிப் பணம் போய்விட்டால் உடனே 1930-க்கு போன் செய்யுங்கள்.

இந்த ஓட்டையை அடைக்கத்தான், ஆப் செய்பவர் யார் என்று சரிபார்த்த பிறகே ஆண்ட்ராய்டில் இன்ஸ்டால் ஆக விடுவோம் என்று 2025 ஆகஸ்டில் கூகுள் அறிவித்தது. 2026 செப்டம்பரில் பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்தில் தொடங்குவதாகத் திட்டம். என்னைப் போல இனிஷியலோடு மல்லுக்கட்டப் போகிறவர்களை நினைத்தால் பாவமாகவும் இருக்கிறது.

கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சின்ன வேலை. இறக்கிய கோப்பின் மேல் ரைட் கிளிக் செய்து 'ப்ராப்பர்ட்டீஸ்' போனால், 'டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ்' என்று ஒரு பகுதி தெரியும். அங்கே பெயரும், கையெழுத்துப் போட்ட தேதியும் இருக்கும். அந்தப் பகுதியே இல்லை என்றால் கையெழுத்து இல்லை என்று அர்த்தம். கையெழுத்து இல்லாததெல்லாம் வைரஸ் கிடையாது. ஆனால், அனுப்பியவரிடம் போன் செய்து கேட்காமல் திறக்க வேண்டாம்.

நானும் குரூப்பில் இருந்த பழைய சிவப்பு அம்புக்குறிப் படத்தை அழிக்கச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அதற்குப் பதிலாக ஒரு புதுப் படம். இன்ஸ்டால் செய்யும்போது கம்ப்யூட்டர் அனுமதி கேட்கும் பெட்டி மஞ்சளாக இருந்து, 'தெரியாதவர்' என்றால் 'நோ' அமுக்குங்கள். நீலமாக இருந்து என் முழுப் பெயர் இருந்தால் மட்டும் 'யெஸ்'. ஓர் எழுத்து மாறியிருந்தாலும் என்னைக் கூப்பிடுங்கள். புது விட்ஜெட்டின் லிங்க்கையும் கீழே போட்டேன்.

சித்தப்பா அன்றே கட்டைவிரல் உயர்த்தினார். அத்தையிடமிருந்து சத்தமே இல்லை. மூன்று வாரம் கழித்து ஒரு மத்தியானம் போன் வந்தது.

"துணியை எடுத்துட்டேன்டா. நீ போட்ட லிங்க்கைத்தான் அமுக்கியிருக்கேன். பெட்டி வந்திருக்கு."

"என்ன கலர் அத்தை?"

"நீலம். 'வெரிஃபைடு பப்ளிஷர்'னு போட்டிருக்கு."

"பேரை ஒரு எழுத்து விடாமப் படிங்க."

கண்ணாடியை எடுத்து மாட்டும் சத்தம். எழுத்துக்கூட்டி என் பெயரைப் படித்தார். கொஞ்சம் நிறுத்தி, அடுத்ததையும் படித்தார்.

"அட, அண்ணன் பேரும் இருக்கே!"

"இருக்கும் அத்தை."

"அப்ப அமுக்கிடவா?"

"அமுக்குங்க."

அரை நிமிடம் சத்தமில்லை. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அப்புறம் ஒரே கத்தல்.

"டேய், குத்துவிளக்கு வந்துடுச்சு! இரு, இரு... வியாழக்கிழமை, ராகு காலம் ஒண்ணரையிலேருந்து மூணுன்னு போட்டிருக்கு. இப்ப மணி ரெண்டேகால். ராகு காலத்துல போய் இன்ஸ்டால் பண்ண வெச்சுட்டியேடா!"